முன்வாசல் வழியாகத்தான் போனாள்

அவள் ஓடிப்போனாள் என்று இன்னொரு தடவை சொல்லாதே, நாகவல்லி. ஓடுகிறவள் பின்வாசல் வழியாகப் போவாள். என் பேரன் பொண்டாட்டி ஆரோக்கிய ஷீலா ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, இந்தக் கோட்டையூரே பார்க்க, முன்வாசல் வழியாகப் போனாள். பழைய காதலன் வந்து கூட்டிக்கொண்டு போனான் என்கிறாயே, எதிர்வீட்டு ஜன்னலில் நீதானே நின்றாய்? அவன் எங்கே நின்றான்? எனக்கு எழுத்துத் தெரியாது. பேத்தி ஜெரினா எழுதட்டும், நான் நடந்ததைச் சொல்கிறேன்.

ஷீலா தேவகோட்டைப் பக்கத்துப் பெண். தகப்பன் உபகாரசாமி வாத்தியார். அவளும் காரைக்குடியில் ஒரு நர்சரிப் பள்ளியில் எல்கேஜி டீச்சர். பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துத் துடைத்து அவள் முந்தானை ஓரம் எப்போதும் கஞ்சி போட்டதுபோல் விறைத்திருக்கும். சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அவளைத்தான் அருண் ஜோசப்புக்குப் பேசி முடித்தோம்.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் அறிவிப்பார். முதல் ஓலை வாசித்த அன்று ஷீலா என்னைத் தனியாகத் தேடி வந்தாள். காலேஜில் படிக்கும்போது நாட்டரசன்கோட்டைப் பையன் சத்தியமூர்த்தியை இரண்டு வருஷம் விரும்பினாளாம். இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொள்ளவில்லை, விலகிவிட்டார்கள். அவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் இருக்கிறது. இதை அருணிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டாள்.

முடிந்துபோன கதை. அதுவும் அவளுடைய கதை. நான்தான் கெடுத்தேன்.

“ஓலை வாசிக்கையிலயே சொல்லிரு ஆத்தா. ஒளிச்சு வச்சா பின்னால வந்து கடிக்கும்” என்றேன்.

சொன்னாள். அவனும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினான்.

கல்யாணமாகி இருபதாம் நாள் முதல் அறை விழுந்தது. நாட்டரசன்கோட்டைக்குப் போகிற பஸ்ஸைப் பார்த்துச் சிரித்தாளாம். பிறகு போனின் பாஸ்வேர்டைக் கேட்டான், கொடுத்தாள். அவள் எங்கே போகிறாள் என்று காட்டுகிற ஏதோ ஒன்றை அதில் போட்டான், அதற்கும் சரி என்றாள். கொடுக்கக் கொடுக்க அவனுக்குப் பசிதான் கூடியது. தினம் ஒரு கேள்வி. சொன்ன பதிலை எடுத்தே அவளை அடித்தான். ஒரு நாள், சத்தியமூர்த்தி எந்தக் கையைப் பிடித்தான் என்று கேட்டான். பாவி மகள் உண்மையைச் சொன்னாள், இடது கை என்று. அந்தக் கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். இரண்டு விரல் முறிந்தது. கிரைண்டரில் மாட்டிக்கொண்டது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னாள். அவள் சொன்ன முதல் பொய் அதுதான். அதுவும் அவனுக்காக.

அப்புறம் சத்தியமூர்த்தி பேரில் அவனே போனில் ஒரு கணக்கு ஆரம்பித்து, நலமா என்று அவளுக்கு அனுப்பினான். எனக்குக் கல்யாணமாகிவிட்டது, இனி எழுதாதீர்கள் என்று அவள் பதில் போட்டாள். அதோடு விட்டிருக்கலாம். அன்றைக்கே தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று போனை அம்மியில் வைத்து நொறுக்கினான். குழவியோடு அவள் பக்கம் திரும்பினான். நான் நடுவில் விழுந்ததால் அது சுவரில் பட்டது.

அவள் அழவில்லை. “சொன்னாலும் அடிக்கிறீக, சொல்லாட்டியும் அடிக்கிறீக. நான் என்னதான் செய்ய?” என்று கேட்டாள்.

உள் அறையில் போட்டுப் பூட்டினான். சாவியை என்னிடம் கொடுத்தான். எட்டு நாள் நான் சோறு வைத்துவிட்டு மறுபடியும் பூட்டினேன். பேரன் பாசம், பயம், என்ன பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள். ஜெரினா, இதை விடாமல் எழுது.

அந்த ஞாயிறு பூசையில் வேறு யாரோ ஜோடிக்கு ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்றார் சாமியார். எனக்குத் தெரியும், நாகவல்லி. ஷீலா இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே தெரியும். அருணோடு வேலை பார்த்த கிருத்திகா, இனி நமக்குள் ஒன்றுமில்லை என்று சொன்னதற்கு, வண்டியில் போனவளை முடியைப் பிடித்து ரோட்டில் இழுத்துப் போட்டான். தாடையில் ஏழு தையல். அவள் தாயின் காலில் விழுந்து போலீசுக்குப் போகவிடாமல் தடுத்தவள் நான். மூன்று ஓலைக்கும் இரண்டாம் வரிசையில் வாயை மூடி உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளையை மட்டும் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னேன்.

பூசை முடிந்து அருண் கறிக்கடைக்குப் போனான். நான் வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்து, ஷீலாவிடம் கிருத்திகா கதையைச் சொன்னேன்.

“ஓலை வாசிக்கையில இது உங்களுக்குத் தெரியுமா அப்பத்தா?”

“தெரியும்.”

என்னைத் திட்டவில்லை. சர்டிபிகேட் பையை மட்டும் எடுத்தாள். வாசலுக்கு வரும்போது அருண் கறிப்பையோடு படியேறினான். ஒன்றும் கேட்கவில்லை. முடியைப் பிடித்து நிலைக்கதவில் அவள் தலையை இடித்தான். ஒன்று, இரண்டு. மூன்றாவதற்கு முன்னால் என் ஊன்றுகோலால் அவன் முழங்கையில் அடித்தேன். கிழவியின் அடி என்ன அடி, ஆனாலும் பிடி விட்டது. என்னை எட்டி உதைத்தான். விழுந்த இடத்திலேயே அவன் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். மறுகாலால் விலாவில் மிதித்தான். கறியெல்லாம் படியில் சிதறிக் கிடந்தது.

தெருவில் இறங்கியவள் என்னைத் தூக்கத் திரும்பி வந்தாள்.

“என்னையத் தூக்காத. இவன் கால நான் புடிச்சிருக்கேன். நீ போ ஆத்தா.”

செருப்புக்கூட இல்லை. நெற்றி ரத்தம் காதோரம் வழிய, பையை மாரோடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். ஓடவில்லை, நடந்தாள். தெருவில் ஒருத்தியும் கதவைத் திறக்கவில்லை, நீயும்தான். அதற்குப் பிறகு அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அங்கே கிடந்தபடியே திட்டியிருப்பேன்.