சிம்மக்கல் மாடியில் பொய்க் கரண்ட்

திருவாதவூரில் எங்கள் தெருவுக்கு முதல் மின்மோட்டாரைக் கொண்டுவந்தவன் நான். பாறை என்று இரண்டு பேர் கைவிட்டுப் போன கிணற்றை வாங்கி, நாற்பத்தெட்டு அடியில் தண்ணீர் பார்த்தவன் நான். அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு நின்று, எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் வேலையை, பழைய மோட்டாரைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். அந்த வேலையில் இரண்டரை ஏக்கர் வாங்கினேன், மாடி வைத்து வீடு கட்டினேன், இரண்டு பிள்ளைகளை இன்ஜினியர் ஆக்கினேன். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், மகள் புனேயில். மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. வீட்டில் ஐந்து அறை; ஒன்றில் படுக்கிறேன். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் போன இடத்தில் யாரும் இதைக் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து எட்டு, ஆடி மாதத்து ஞாயிறு. காலை 7.10-க்கு பஸ் ஏறினேன். மதுரை ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஏழு ரூபாய். நடத்துநர் தெரிந்தவர்.

"என்ன பெரியவரே, வாராவாரம் கிளம்பிர்றீக. சிம்மக்கல்ல அப்படி என்ன சோலி?"

"கம்ப்யூட்டர் வேலை."

"யாரு, நீங்களா?"

"நான்தான். எட்டு மாசமா."

அவர் பின்சீட்டுக்காரரிடம் அதைச் சொல்லிச் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒத்தக்கடை வரை பாதி வயல் தரிசு. ஆனைமலை தாண்டி மாட்டுத்தாவணியில் இறங்கி, மூன்று ரூபாய்க்கு டவுன் பஸ். கோரிப்பாளையம் சந்திப்பில் மட்டும் பதினைந்து நிமிடம் நின்றது. பாலத்தின் மேலிருந்து பார்த்தால் வைகையில் மணலும் காயப்போட்ட வேட்டிகளும்தான். சிம்மக்கல்லில் இறங்கும்போது 8.50.

மொத்த வியாபாரக் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறை. படியேறும்போதே கீழிருந்து மிளகாய் வற்றல் நெடி தும்மல் வரவழைக்கும். கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸ் வேலை தெரிந்த பதினைந்து பேர் பங்கு போட்டு வாடகை கட்டுகிறார்கள். சுவரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் கொறடுக்கும் அதனதன் உருவத்தைப் பெயிண்டில் வரைந்திருப்பார்கள். எடுத்தவர் அதே இடத்தில் மாட்ட வேண்டும். முதல் நாளே முதலாளி யார் என்று கேட்டேன். சிரித்தார்கள். அங்கே எதைச் செய்தாலும் வரைபடத்தோடு இன்டர்நெட்டில் போட்டுவிடுவார்கள், யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளலாம். முதலாளி இல்லாத பட்டறையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

என்னை அங்கே அழைத்துப் போனவர் ஜாபர். கோரிப்பாளையத்தில் செல்போன் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறார். என் போனைச் சரிபார்க்கப் போனபோது, கிணற்றுக்குப் போகாமலே மிஸ்டு கால் கொடுத்து மோட்டாரைப் போடும் போர்டு ஒன்றைச் செய்கிறோம், மோட்டார் தெரிந்த ஆள்தான் இல்லை என்றார். மதுரை ஜில்லாவில் மோட்டார் தெரிந்த ஆள் என்றால் நான்தான் என்றேன். மிகை இல்லை.

போர்டுக்கு வேண்டிய புரோகிராமை எழுதுகிறவர் சுபா. சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண், கல்லூரியில் பாடம் நடத்துகிறார். அவருடைய சித்தப்பா மகன் தினேஷும் வருவார். இருவரும் வேலை மும்முரத்தில் தங்கள் வீட்டுச் சௌராஷ்டிரப் பேச்சில் இறங்கிவிடுவார்கள். எனக்கு ஒரு சொல் விளங்காது. மற்றவர்கள் ஆளுக்கொரு திரையைப் பார்த்து முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஸ்டூல் போட்டு நான். படியேறும்போது "வாங்கய்யா" என்று ஒரு குரல் வருமே, அதற்காகவும்தான் போனேன் என்று வையுங்கள்.

சோதனைக்கு என் கிணற்று மோட்டாரையே கொடுத்தேன். மூன்று முறை எரிந்தது. மூன்று முறையும் நானே காயில் கட்டினேன். போர்டில் தப்பு தேடி அவர்கள் இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். தப்பு போர்டில் இல்லை, எங்கள் ஊர்ப் பழக்கத்தில் இருந்தது. எங்கள் பக்கம் மூன்று பேஸ் கரண்ட், அதாவது மூன்று லைனும், முழுதாக வருவது சில மணி நேரம். மற்ற நேரம் இரண்டுதான். வராத லைனின் பியூஸைப் பிடுங்கிவிட்டு, கண்டென்சர் ஒன்றைச் சேர்த்து, இருக்கிற இரண்டை வைத்தே மோட்டாரைச் சுற்ற வைப்போம்; சூடு ஏறினால் பக்கத்தில் நிற்கிற ஆள் நிறுத்திவிடுவார். செய்யக்கூடாத வேலை, செய்யாத கிணறு கிடையாது. அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கண்டென்சர் எங்களுக்கு மோட்டாரோடு பிறந்த உறுப்பு மாதிரி, தனியாகச் சொல்லத் தோன்றாது.

மூன்றாவது முறை கருகிய காயிலை மடியில் வைத்துப் பிரிக்கும்போதுதான் உறைத்தது. மறு ஞாயிறு போய்ச் சுபாவிடம் சொன்னேன்: "அம்மா, கண்டென்சர் போட்டா மூணாவது லைன்லயும் கரண்ட் இருக்க மாதிரி காட்டும். டெஸ்டர் வச்சாலும் லைட் எரியும். அது பொய்க் கரண்ட். ஒங்க போர்டு அத நம்பி, மூணும் வந்துருச்சுன்னு மோட்டாரப் போடுது. பக்கத்துல ஆள் இல்லாம ஓடிச் சூடாகி எரியுது. பியூஸுக்கு மோட்டார் பக்கம் பாக்காதீக. போஸ்ட்ல இருந்து வருதுல்ல, அந்தப் பக்கம் பாக்கணும்."

அறையில் எல்லா நாற்காலியும் என் பக்கம் திரும்பியது. எட்டு மாதத்தில் அந்த ஒரு நாள்தான்.

அதன் பிறகு மோட்டார் எரியவில்லை. இந்த ஆடி ஞாயிறு, போர்டின் வரைபடத்தையும் புரோகிராமையும் இன்டர்நெட்டில் ஏற்றும் நாள். வெள்ளைச் சட்டை போட்டுப் போயிருந்தேன். 11.30-க்கு ஏற்றினார்கள். கை தட்டினார்கள். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஜாபரைக் கூப்பிட்டு, "என்ன எழுதிருக்குன்னு வாசிங்க" என்றேன்.

அவர் விரலை வைத்து வாசித்தார். "இந்தா பாருங்கண்ணே, நீங்க சொன்ன வார்த்தைய அப்பிடியே போட்டுருக்காங்க. பொய்க் கரண்ட். இங்கிலீஷ் எழுத்துல."

"பக்கத்துல யார் பேரு?"

"சுபா பேரு. அடிச்சவங்க பேரு தானா ஏறிக்கிரும்ண்ணே. மிஷின் பழக்கம் அது."

"என் பேரு?"

அவர் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார். கடைசியில், "திருவாதவூர் விவசாயிகளுக்கு நன்றின்னு இருக்கு" என்றார்.

சுபா எழுந்து வந்தார். "ஐயா, ஒங்களுக்கு மெயில் ஐடி இருந்தா ஒங்க பேரும் ஏறிருக்கும்."

"திருவாதவூர்னு போட்டு என் பேர எழுதினா லெட்டர் வீடு வந்து சேருதும்மா."

தினேஷ் சிரித்துவிட்டார். சுபா அவர்கள் பேச்சில் அவரை ஏதோ அதட்டினார். ஜாபர் நாற்காலியை இழுத்தார். "ரெண்டு நிமிசம்ண்ணே, இப்பவே ஐடி போட்டுருவோம். ஒரு வரி நீங்களே அடிங்க, நான் எழுத்தக் காட்டுறேன்."

"அடிச்சா என்ன தேதி காட்டும்?"

"இன்னைக்குத் தேதி."

"அப்ப நான் இன்னைக்கு வந்து சேந்த ஆளுன்னு ஆயிரும். வேண்டாம். நான் வந்து சேந்தது மூணு காயிலுக்கு முன்னாடி. கையால எழுதுங்க, இன்ன ஆளு சொன்னார்னு."

சுபா திரையில் அந்த நன்றி வரியை மறுபடி வாசித்தார். "எனக்குச் சரிதான்யா. ஆனா நன்றிய மாத்தணும்னா எல்லாரும் கூடிப் பேசணும். இங்க யாரும் தனியா முடிவெடுக்கிறதில்ல. அடுத்த மாசக் கூட்டத்துல வைக்கிறேன்."

அவர் பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். கெட்ட மனிதர்கள் யாரும் அங்கே இல்லை. மதியம் சுபா தன் டப்பாவிலிருந்து புளியோதரையை எனக்கும் வைத்தார். சாப்பிட்டேன். அதன் பிறகு நாற்காலிகள் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டன. அடுத்த வேலை வந்துவிட்டது, தண்ணீர்த் தொட்டிக்கு ஏதோ. அதில் என்னைக் கேட்க ஒன்றும் இல்லை. 3.40-க்கு, "போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

மாட்டுத்தாவணியில் உட்கார இடம் கிடைத்தது. மகனுக்குப் போன் போட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. ஊரில் என் வீடு எதுவென்று கேட்டால் சின்னப் பிள்ளையும் காட்டும். சிம்மக்கல்லில் என்னை ஐயா என்கிறார்கள். என் முழுப் பெயர் அந்த மாடியில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று விரல் மடக்கினேன். ஜாபர் ஒருவரோடு நின்றுவிட்டது.

அடுத்த மாதக் கூட்டம் நடந்ததா, தெரியாது. எனக்குத் தகவல் வரவில்லை, நானும் போகவில்லை. போர்டு நன்றாக ஓடுகிறது என்று மேலூர்ப் பக்கம் நாலு பேர் சொன்னார்கள். ஓடட்டும். அதில் ஒரு காசு எனக்கு வேண்டாம். இதை அந்த மாடிக்காரர்கள் யாராவது படித்தால், 'திருவாதவூர் விவசாயிகளுக்கு' என்ற வரியை எடுத்துவிடுங்கள். திருவாதவூர் விவசாயிகள் யாரும் அங்கே வரவில்லை. வந்தது ஒரே ஆள். ச. முத்துக்கருப்பன். அப்படியே எழுதுங்கள், முன்னெழுத்தோடு.