சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள்

எமர்ஜென்சி முடிந்து சில வருடங்கள் கழித்து நடந்தது இது. நாங்கள் காரைக்கால் கோவில்பத்தில் குடியிருந்தோம். என் கணவர் அந்தோணி தச்சர். பூவத்தில் அவர் கதவு மாட்டப் போன வீட்டில் நகை காணாமல் போக, போலீஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போனது.

நான் தினமும் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றேன். "விசாரணைதாம்மா, நாளைக்கு விட்டுடுவோம்" என்பார்கள். நம்பியது என் தவறு. பிடித்தவரை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்று ஒரு வக்கீல் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவர் மெட்ராஸ் ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடப்போவதாகச் சொன்ன பிறகே, அன்று காலையில்தான் பிடித்ததாகச் சொல்லி இவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

"போலீஸ் அடிச்சாங்களா?" என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார்.

பின்னால் நின்ற ஏட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, "இல்லீங்கய்யா" என்றார் இவர்.

வாசலோரம் நின்ற நான் முன்னால் ஓடினேன். "ஐயா, எங்க வீட்டுக்காரரு சட்டையக் கழட்டச் சொல்லிப் பாருங்க!" என்று கத்திவிட்டேன்.

முதுகிலிருந்த காயங்களைப் பார்த்த மாஜிஸ்ட்ரேட், இவரைப் போலீஸ் கையில் திரும்பக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நகை பிறகு அந்த வீட்டுப் பரணிலேயே கிடைத்தது. அடித்தவர்கள் மேல் போட்ட வழக்கு மட்டும் இன்னும் வாய்தாவில் கிடக்கிறது. இவருக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்புவதில்லை. கோர்ட்டுக்கு நடந்து நடந்து எனக்கும் அலுத்துவிட்டது.

ஆனாலும் எங்கள் பக்கம் யாரையாவது போலீஸ் பிடித்துப்போனால், அன்றைக்கே அந்த வீட்டுப் பெண்ணை வக்கீலிடம் அழைத்துப்போகிறேன். கோர்ட்டுக்கும் கூடவே போய், மாஜிஸ்ட்ரேட் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நிற்கிறேன்.