மெஹர் டீச்சரும் சிரித்த நாமும்

வேதியியல் ஆசிரியை மெஹருன்னிசா இறந்துவிட்ட செய்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நம் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மாரடைப்பு. வயது நாற்பத்தொன்பது. நான் மயிலாப்பூரில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். இரங்கல் வரிகள் வருவதற்கு முன்பே ஒருவர் எழுதியிருந்தார்: "எதிர்பார்த்ததுதான். அந்த வெயிட்டுக்கு வேற என்ன ஆகும்?" எழுதியவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியவர்கள் யாரென்று எனக்கும் தெரியும்.

எடையும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. அவருடைய தந்தையும் மாரடைப்பில் போனவர். இருபது வருடம் உட்கார்ந்தே விடைத்தாள் திருத்தி, மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிட்ட உடம்பு அது. இதையெல்லாம் நம்மைவிட நன்றாக அறிந்தவர் அவரே. போன வருடப் பரிசோதனையில் கொழுப்பும் ரத்த அழுத்தமும் ஏறியிருப்பது தெரிந்ததும் கேன்டீன் பலகாரங்களை விட்டார். டீயில் சர்க்கரையை விட்டார். தினமும் மாலையில் அடையாறில் தன் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தார்.

நாம் என்ன செய்தோம்? வணிகவியல் சுந்தரம் சார், மகள் பாஸானதற்கு மைசூர்பாகு கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? மெஹர் வேண்டாம் என்றார்.

"ஒரு பீஸ்ல இன்னா ஆயிடப் போவுது டீச்சர்? ஓவரா பண்றீங்களே!"

"உங்களுக்கு அது ஒரு பீஸ் சார். ஆளுக்கு ஒண்ணுன்னு நீட்டினா எனக்கு வாரத்துக்கு ஆறு பீஸ்."

"இந்த உடம்புக்கு ஆறு பத்துமா?"

ஆசிரியர் அறையே சிரித்தது. அவர் அந்த மைசூர்பாகைத் தின்றார். மறுத்தால் திமிர், தின்றால் கேலி. இரண்டில் ஒன்றைத்தான் நாம் அவருக்கு விட்டுவைத்திருந்தோம்.

இரண்டு மாதங்களுக்கு முன் தாடையிலும் இடது தோளிலும் வலி, காரணமில்லாத களைப்பு என்றார். டாக்டரிடம் நான்தான் கூடப் போனேன். அந்த மனிதர் ஸ்டெதஸ்கோப்பைக்கூட எடுக்கவில்லை.

"முதல்ல வெயிட்ட குறைங்கம்மா."

"அஞ்சு கிலோ குறைச்சிட்டேன் டாக்டர். அதுக்கப்புறம்தான் வலிக்குது. ஒரு ஈசிஜி எடுத்துடலாமா?"

"கேஸா இருக்கும். மாத்திரை எழுதறேன்."

வெளியே வந்ததும் மெஹர், "எல்லாரும் என் உடம்பைத்தான் பாக்கறாங்க. உடம்புக்குள்ள என்னன்னு யாரும் பாக்கறதில்ல," என்றார். வேறு டாக்டரிடம் போகலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆட்டோ பிடித்து அவரை வீட்டில் விட்டேன்.

இரங்கல் கூட்டத்தில் சுந்தரம் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா சாப்பிடுவாங்க, நல்லா சிரிப்பாங்க," என்று பேசினார். பிறகு சமோசா வந்தது. ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டோம். கடைசிப் பத்து மாதம் அவர் எண்ணெய்ப் பலகாரத்தைத் தேடிப் போனதே இல்லை என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. நல்லா சிரிப்பாங்களாம். நம் நடுவில் உட்கார்ந்துகொண்டு வேறென்னதான் செய்திருக்க முடியும்?

அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒரு குரல் பதிவு. ஆறு நொடி. மூச்சு வாங்க, சந்தோஷமாகச் சொல்கிறார்: "டீச்சர், இன்னைக்கு மூணு மாடியும் நிக்காம ஏறிட்டேன்!"

அதன் கீழே என் பதில்: "அப்படியா? பில்டிங் தாங்கிச்சா?"

படித்துவிட்டார் என்பதற்கான அடையாளம் இருக்கிறது. நான் இரண்டையும் அழிக்கப் போவதில்லை.