மூடுவாயில் மஞ்சள்

விதி தெளிவாகவே இருந்தது. பரிந்துரைக் கடிதத்தை எழுதியவரே உறையிலிட்டு, அதன் மடிப்பை ஒட்டி, அந்த மூடுவாயின் குறுக்கே கையொப்பமிட வேண்டும். அந்தக் கையொப்பம் சிதைந்திருந்தால் கடிதம் ஏற்கப்படாது. கடிதம் இல்லாத விண்ணப்பம் பரிசீலிக்கப்படாது. இந்த விதியை எழுதியவர் யாரோ, தொழில் தெரிந்தவர். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பிரிவில் இருந்திருந்தால் அவருக்கு நல்ல எதிர்காலம் இருந்திருக்கும்.

விண்ணப்பித்தவள் என் தங்கை மகள். சென்னையில் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மொழி படித்துக்கொண்டிருந்தாள். கடைசி ஆண்டு. ஜெர்மனியில் ஓராண்டு படிக்க, பயணச் செலவு உட்பட எல்லாவற்றையும் ஏற்கும் உதவித்தொகை அது. படிப்பில் இருப்பவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்பதால் அவளுக்கு அடுத்த முறை என்று ஒன்று கிடையாது. அவள் அப்பா விருத்தாசலத்தில் சிறிய பீங்கான் பட்டறை ஒன்றில் சூளை பார்ப்பவர். அங்கே மின்சார ஃப்யூஸ் கேரியர்கள் சுடுவார்கள். அந்தச் சம்பளத்தில் ஜெர்மனிக்கு அல்ல, மீனம்பாக்கம் வரை போய் வழியனுப்பிவிட்டு வரலாம்.

சான்றொப்பம் எல்லாம் ஊரிலேயே வாங்கிவிடலாம் என்று விண்ணப்பத்தோடு வந்திருந்தாள். நானே எல்லாவற்றையும் வரிசைப்படுத்திக் கட்டினேன். பேராசிரியர் தந்த மூடிய உறை மேலே இருந்தது. மறுநாள் காலை தபாலாபீஸுக்குப் போகப் புறப்பட்டுத் தங்கை வீட்டுக்கு வந்தபோது, கட்டு சாமி படத்தின் முன்னால் இருந்தது. ஒவ்வொரு தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள். உறையையும் விடவில்லை. பேராசிரியர் மைப் பேனா பிடிக்கும் தலைமுறை. மூலையிலிருந்து வழிந்த ஈர மஞ்சளில் அவருடைய கையொப்பம் நீலமும் பச்சையுமாகக் கரைந்து கிடந்தது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க?" என்றேன்.

"மஞ்சா வைக்காம அனுப்பறதுக்கு இது என்ன கருமாதி பத்திரிகையாண்ணே?" என்றாள் தங்கை.

விதியை அவளுக்கு விளக்கினேன். கேட்டு முடித்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது. முந்தானையால் உறையைத் துடைக்கப் போனாள். மகள்தான் கையைப் பிடித்துத் தடுத்தாள். இரவு வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த மாப்பிள்ளை, உறையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சூளையில வச்சா மஞ்சா போயிடும் மச்சான்," என்றார். "கவரும் போயிடும்."

வேறு கடிதம் வாங்க வழியில்லை. பேராசிரியர் நீண்ட விடுப்பில் வடக்கே எங்கோ போயிருந்தார். கடைசித் தேதியோ நெருங்கிவிட்டது. இப்படிப்பட்ட நிலைமைக்கு இருக்கிற ஒரே வழி விளக்கக் குறிப்பு. உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு முழுப் பக்கம் எழுதினேன். பார்வை ஒன்று, பார்வை இரண்டு, நிகழ்ந்தவற்றின் சுருக்கம், வருத்தம், வேண்டுகோள். என் பணிக்காலத்தில் அதைவிடச் சிறப்பாக ஒன்றை எழுதியதில்லை.

மருமகள் பொறுமையாகப் படித்தாள். "மாமா, இதப் படிச்சா நாம எதையோ திருடிட்டு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்குது," என்றாள்.

பிறகு ஒரு தாளை எடுத்து ஜெர்மனில் சில வரிகள் எழுதினாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். நல்ல காரியத்துக்கு அனுப்பும் தாளில் எங்கள் வீடுகளில் மஞ்சள் தடவுவது வழக்கம், என் அம்மா தடவினார், உறை பிரிக்கப்படவில்லை என்று எழுதியிருந்தாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மாமா நடந்துச்சு."

பதிவுத் தபாலில் அனுப்பினோம். இது தேறாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் மேசைக்கு அப்படி ஓர் உறை வந்திருந்தால் தள்ளுபடி செய்து, பத்து மணி டீக்கு முன்பே கோப்பை மூடியிருப்பேன். தங்கையிடம் மட்டும் பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லிவந்தேன். அரசு ஊழியன் மனமறிந்து சொல்லக்கூடிய மிக இரக்கமான பொய் அதுதான். அவள் பாதி நம்பினாள். வீட்டில் மஞ்சள் டப்பாவைக் கண்ணில் படாத இடத்தில் வைத்திருந்தாள். நினைவூட்டுக் கடிதம் அனுப்பலாம் என்றேன். மருமகள் வேண்டவே வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். தேர்வு எழுதி முடித்து, சென்னையிலேயே தங்கி ஒரு கம்பெனிக்கு இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் தங்கை ஒரு நாள் கெட்டியான வெள்ளை உறையோடு மூச்சிரைக்க வந்து நின்றாள். முகவரி மகள் பெயரில். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் உடனே செல்போனை எடுத்தேன்.

"பிரிங்க மாமா," என்றாள் மருமகள்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது; முதல் வரியிலேயே கொடுத்திருந்தார்கள். ஓராண்டு, முழு உதவித்தொகை, அக்டோபரில் சேர வேண்டும். உரக்கப் படித்தேன். தங்கை உறையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இன்னொரு தடவ படிங்க மாமா," என்றாள் மருமகள். படித்தேன். எங்கள் விளக்கத்தைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கடைசிப் பக்கம் வரை தேடினேன். ஒரு சொல் இல்லை. விதியை யார் தளர்த்தினார்கள், எந்த அதிகாரத்தின் கீழ் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டு எழுதவும் இல்லை. பழக்கம் விடாமல், உறையின் ஓரத்தில் பெற்ற நாளை மட்டும் குறித்தேன்: ஜூன் 18, புதன், முற்பகல்.