வெள்ளைத்தாய் பங்குச் சீனி

மாநில அரசின் செலவு விலைவாசியையும் முந்தி, சனத்தொகையையும் முந்தி ஓடுகிறதாம். தலைக்குத் தலை பங்கு கூடிவிட்டதாம். ராஜபாளையம் டீக்கடையில் இந்த வதந்தி வடையோடு சேர்ந்து சூடாக இறங்கியது.

“அப்ப நம்ம பங்கு எங்கவே?” என்றார் கடைக்காரர் கண்ணுச்சாமி.

பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற சங்கையாவுக்குத் தெரியவில்லை. விசாரிக்க நேரம் மட்டும் ஏராளமாகக் கிடந்தது. ரேஷன் கடையில் இரண்டு பேருக்கான சீனியை வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார். அங்கே கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் சிவபாண்டி, மூன்று வருடம் முன்பு செத்துப்போன சங்கையாவின் மனைவி வெள்ளைத்தாயின் தம்பி. அக்கா போனபின் போக்குவரத்து இல்லை. போவதற்கு ஒரு வதந்தியாவது வேண்டியிருந்தது.

“வாங்க மச்சான். சாப்ட்டீயளா?”

“அது கெடக்கட்டும் மாப்ள. அரசாங்கச் செலவு நெசமாவே கூடிருக்கா?”

“உங்க வீட்டையே வச்சுப் பாப்பமே. பத்து வருசத்துக்கு முன்ன மாசம் எம்புட்டு ஆச்சு?”

“எட்டாயிரம். இப்பப் பன்னெண்டு.”

“விலைவாசியும் ஒன்றரை மடங்குன்னு வச்சுக்கிட்டா, செலவு நின்ன இடத்துலதான் நிக்கு. இனி தலையால வகுக்கணும். அப்ப ரெண்டு தலை. இப்ப?”

“ரெண்டு.”

சிவபாண்டி பேனாவை மூடினான். “ஒத்த ஆளுக்கு எதுக்கு மச்சான் பன்னெண்டாயிரம்?”

“உலையில ரெண்டு பேருக்குத்தான போடுதேன்.”

“ரேஷன் கார்டுலயும் அக்கா பேரை எடுக்கலையா?”

“எடுத்துட்டா வீட்டுல யாருலே இருக்கா?”

“ஒண்ணுன்னு போட்டா ஆளுக்குச் செலவு ரெண்டு மடங்கு. எந்த சர்க்காரும் இப்படி வளந்ததில்ல” என்று சிவபாண்டி சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. “செல்லைக் குடுங்க. செத்த நேரத்துல நானே ஆன்லைன்ல பேரை எடுத்து விடுதேன்.”

சங்கையா செல்லைப் பைக்குள் தள்ளினார். “அரசாங்கம் மட்டும் தலைய ஒழுங்கா எண்ணி வச்சிருக்காக்கும்?”

“கடைசியா எண்ணுனது ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல. பொறவு எல்லாம் உத்தேசம்தான்.”

சங்கையாவின் முகம் தெளிந்தது. அந்த எண்ணிக்கையில் வெள்ளைத்தாய் இருந்தாள். எண்ண வந்த வாத்தியாருக்கு மோர் கொடுத்து அனுப்பியதே அவள்தான்.

“அவிய மறுபடி எண்ணி முடிக்கட்டும் மாப்ள. பொறவு நான் எடுக்கேன்.”

சாயங்காலம் கண்ணுச்சாமி கேட்டார்: “என்னவே, கூடிருக்கா இல்லையா?”

“தலை எண்ணி முடியல” என்று சொல்லிவிட்டு சங்கையா வீட்டுக்கு நடந்தார். இரண்டு பேருக்கு உலை வைத்தார். அவருக்கோ சர்க்கரை வியாதி. அரசாங்கத்துக்குத் திருப்பித் தரவேண்டிய வெள்ளைத்தாய் பங்கு அரை கிலோ சீனியில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.