பைலட் பாடிய ஒரே நாள்

எங்கள் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளை வார்டிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு ஸ்ட்ரெச்சரில் அழைத்து வருபவருக்குப் பெயர் பைலட். பிள்ளைகள் வைத்த பெயர். சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை. ஆபரேஷன் முடிந்த பிள்ளைகள் கண்விழிக்கும் அறையில் நான் நர்ஸ். பதினோரு வருடமாக இந்த மனுஷனோடு மல்லுக்கட்டுகிறேன்.

சண்டை நேரத்தைப் பற்றித்தான். லிஃப்ட் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "ஒரு பயத்தையாவது இங்க இறக்கி வெச்சாத்தான் வண்டி கிளம்பும். சக்கரம் பாரம் தாங்காது" என்பார். ஜட்டியைக் கழற்றுவார்களா என்று கேட்பான் ஒரு பொடியன். பாதியில் விழித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பாள் ஒருத்தி. தெரிந்தால் பதில் சொல்வார்; தெரியாவிட்டால் மயக்க மருந்து டாக்டரையே கையோடு கூட்டி வந்துவிடுவார். 'பயப்படாதே' என்று மட்டும் சொல்லமாட்டார். உள்ளே எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்போம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று வந்தவளுக்குப் பதின்மூன்று வயது. மணிக்கட்டு எலும்பு முறிந்து, தகடு வைக்க வேண்டியிருந்தது. வார்டில் சமர்த்தாக இருந்தவள் லிஃப்ட் வாசலில் வண்டியை விட்டு இறங்கி, சுவரோரம் நின்றுவிட்டாள். அம்மா கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். ம்ஹூம். இன்னும் தள்ளிப்போட்டால் எலும்பு கோணலாகக் கூடிவிடும் என்று நானும் போய் அதட்டினேன். என்னை அவள் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

பைலட் அம்மாவைத் தூரமாக உட்காரச் சொன்னார். நான் நகரவில்லை.

"மயக்கம் தெளியறப்ப உளறுவாங்களா மாமா?"

"சில பேர் உளறுவாங்க. பொய் சொல்லமாட்டேன்."

"அப்ப நான் வரல."

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. படிக்கட்டுக் கைப்பிடியில் சறுக்கி விளையாடி விழுந்தது அவளேதான். வீட்டிலோ, எட்டு வயதுத் தங்கை தள்ளிவிட்டாள் என்று சொல்லிவிட்டாள். சின்னவளுக்கு முதுகில் நாலு விழுந்தது. அப்பா இன்னும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"நீ வாயத் தொறந்தா நான் பாட ஆரம்பிச்சிடறேன். அம்மா காதுல ஒரு வார்த்தை விழாது. சத்தியம்."

"நல்லாப் பாடுவீங்களா?"

"கேட்டவங்க யாரும் இன்னொரு தடவை பாடச் சொன்னதில்ல."

சிரித்துவிட்டாள். ஏறிப் படுத்தாள்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. என் அறையில் அவள் இமை அசைந்ததும் அம்மாவையும், வெளியே காத்திருந்த தங்கையையும் உள்ளே விட்டேன். சொன்ன சொல் தவறாமல் பைலட்டும் கட்டில் தலைமாட்டில் ஆஜர்.

"அம்மா... தங்கச்சி..." என்று அவள் முனகியதுதான் தாமதம், பைலட் தொண்டையைத் திறந்தார். அதைப் பாட்டு என்று சொன்னால் பாட்டுக்கு அவமானம். பக்கத்துக் கட்டில் பையன், அதுவரை அசையாமல் கிடந்தவன், திடுக்கிட்டு விழித்தான். "வாய மூடுங்கண்ணே!" என்று நான் கத்தினேன். சத்தியத்தைக் காப்பாற்ற அவர் இன்னும் உச்சத்துக்குப் போனார்.

"மாமா, போதும்!" என்றாள் பெண். "நிறுத்துங்க. நானே சொல்லிடறேன்."

அவர் குனிந்து பார்த்தார். "முழிப்பாத்தான் இருக்கியா?"

"ம்."

நானும் பேரைக் கேட்டுச் சரிபார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தாள். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னாள்.

அம்மா சின்னவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள் சின்னவள். அம்மா அவளை இழுத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டு அழுதாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பைலட்டின் குரலை இன்னும் கொஞ்சம் திட்டிவைத்தேன்.

வார்டுக்குத் திரும்பும்போது பைலட் சின்னவளைத் தன் முன்னால் நிறுத்தி, வண்டியின் கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னார். அவள் தயங்கி அம்மாவைப் பார்த்தாள்.

"அவளே ஓட்டட்டும்மா" என்றாள் படுத்திருந்தவள்.

நடைபாதைத் திருப்பத்தில் வண்டி டொம்மென்று சுவரில் இடித்தது. புதுசாய் வெள்ளையடித்த சுவர்.

"யாரு இடிச்சது?" என்று பின்னால் வந்த நான் அதட்டினேன். சின்னவளின் முகம் வெளிறிப் போனது.

"நான்தான்" என்றாள் பெரியவள், படுத்தபடியே.