வெந்நீரில் பார்த்த சூரணம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டுகளில் இதயச் செல்கள் தானாகத் துடித்துக்கொண்டிருக்கும். மூலிகைப் பொடி, லேகியம் என்று எது வந்தாலும் அதன் சாற்றில் ஒரு சொட்டு அவற்றின்மேல் விட்டு, துடிப்பு தாளம் தப்புகிறதா என்று கணினித் திரையில் பார்ப்பேன். தப்பினால் அந்த மருந்து ஆளையும் சாய்த்துவிடும். மதுரையில் இதுதான் என் பிழைப்பு. சொந்தக்காரர்கள் என்னை டாக்டர் என்று சொல்லிக்கொள்வார்கள், நானும் மறுத்ததில்லை.

அந்த மூட்டுவலிச் சூரணம் வந்தபோது டப்பாவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அண்ணன் வீட்டு அலமாரியில் இருந்த அதே பச்சை டப்பா. களையெடுத்தே முழங்கால் தேய்ந்துபோன மதினி மாதக்கணக்கில் அதைத்தான் சாப்பிட்டு வந்தார். ‘வெந்நீரில் கலந்து அருந்தவும்’ என்று போட்டிருந்தது. விதிப்படி வெந்நீரில் கரைத்தேன். செல்கள் ஒழுங்காகத் துடித்தன.

அன்று சாயங்காலமே மதினிக்குப் போன் போட்டேன். பெருமை தாங்கவில்லை.

“ஒரு வாரமா நெஞ்சு படபடன்னு வருது தம்பி. நிறுத்திப்புடவா?” என்றார்.

“நானே சோதிச்சுப் பாத்துட்டேன் மதினி, ஒண்ணும் செய்யாது. வெயில்ல அலையாம இருங்க, போதும்.”

“நீங்க சொன்னா சரிதான்.”

நாலாம் நாள் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தார். மதுரை ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஷாக் கொடுத்துத்தான் மீட்டார்கள். என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டதற்கு, “சூரணந்தாங்க, தெனம் பால்ல நெய் விட்டுக் கலக்கிக் குடிப்பா” என்றார் அண்ணன்.

எனக்கு அப்போதுதான் தெரிந்தது என்று எழுதினால் பொய். பொங்கலுக்குப் போயிருந்தபோது என் கண்ணெதிரிலேயே மதினி பாலில் கலக்கிக் குடித்தார். எங்கள் பக்கம் சூரணத்தை வெறும் வெந்நீரில் யார் குடிக்கிறார்கள்? வயிற்றைப் புண்ணாக்கும் என்று எனக்கும் சின்ன வயதில் பாலில்தான் கொடுத்தார்கள். வெள்ளைக் கோட்டை மாட்டியதும் அதெல்லாம் மறந்து, அச்சடித்ததை மட்டும் நம்பினேன். படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

மறுநாள் அதே பொடியைப் பாலும் நெய்யும் விட்டுக் காய்ச்சி, அதில் இறங்கிய சாற்றைச் சோதித்தேன். தண்ணீரில் கரையாத ஏதோ ஒன்று நெய்யில் கரைந்து வந்திருந்தது. செல்கள் தடுமாறித் தடுமாறித் துடித்து, கடைசியில் நின்றேபோயின. முதல் முடிவு தவறு என்று அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அது சுலபமாக இருந்தது.

பாலில் கலந்ததுதான் காரணம் என்று தெரிந்ததும், ஆஸ்பத்திரியில் தன்னைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மதினி ஒன்றையே சொன்னார். “தம்பி மேல தப்பில்ல. டப்பால சுடுதண்ணின்னுதான் போட்டுருக்கு. நாந்தேன் கூறுகெட்டதனமா பால்ல குடிச்சுப்புட்டேன்.” நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழியை அவர் சுமக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

வீடு திரும்பிய பிறகு ஒருநாள் மதினி என்னிடம் வேறொரு சூரணப் பொட்டலத்தை நீட்டினார். பரவைச் சந்தையில் யாரோ வாங்கிக் கொடுத்ததாம்.

“நீங்க பாத்துச் சொன்னாத்தான் தொடுவேன் தம்பி.”

“இதை எதுல கலந்து குடிப்பீங்க மதினி?” முதல்முறையாகக் கேட்டேன்.

“நீங்க எதுல குடிக்கச் சொல்றீகளோ, அதுல.”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பொட்டலத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, “வாரேன் மதினி” என்று கிளம்பிவிட்டேன்.